கோழி மேய்ச்சாலும் கோறணமேந்து: எங்கட வீடுகளும் கந்தோர் உத்தியோகமும்

எங்களில் ஒருத்தி கொழும்பில் ஒரு தனியார் கம்பனி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இணையத்தளங்களுக்குத் தமிழில் எழுதிக்கொடுக்கிற வேலை. சம்பளம் மோசமில்லை, பாதி நாட்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். வீட்டில் சொன்ன உடனே அம்மா குசினியிலிருந்து வெளியே வரவும் இல்லை. அங்கேயிருந்தே ஒரு வசனம்தான் வந்தது: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பழமொழியை விளக்கத் தேவையில்லை. கோறணமேந்து என்றால் கவர்ண்மென்ட். எங்கட வயதுக்காரர் இதைச் சிரிக்கத்தான் பாவிக்கிறோம். கலைப்பீடக் கன்ரீனில் யாராவது 'அபிவிருத்தி உத்தியோகத்தர்' நியமனம் பற்றிக் கதைத்தால் உடனே ஒருத்தன் "கொக்கரக்கோ" என்பான். அரச உத்தியோகம் என்றால் சோம்பல், தேத்தண்ணி, பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போறது, தனியார் துறைதான் திறமைக்கு இடம் என்றெல்லாம் நாங்கள் ஒரு பக்கம் கதைப்போம். அதே ஆட்கள்தான் வர்த்தமானியில் போட்டிப் பரீட்சை அறிவித்தல் வந்தால் அதே பின்னேரம் விண்ணப்பப் படிவம் பிரதி எடுக்க வரிசையில் நிற்கிறோம். இதையும் ஒப்புக்கொண்டுவிட்டே தொடங்குகிறோம்.

இந்தக் கட்டுரை அந்தப் பழமொழியின் வரலாற்றைத் தேடிப்போன கதை. தேடத் தொடங்கியபோது, எங்கட ஆட்களின் அடிமைப் புத்தியைக் காட்டுகிற ஒரு கட்டுரை வரும் என்றுதான் நினைத்தோம்.

முதலில் கந்தோருக்குள் இருக்கிற சாமான்களைப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, பேனை எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோர் ஒல்லாந்துச் சொல், அந்த மேசையின் லாச்சியும் அப்படியே. கச்சேரி வட இந்தியாவிலிருந்து ஆங்கிலேயனோடு வந்தது. பியோனும் போர்த்துக்கேயத்தில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தவர்தான். சிங்களத்திலும் மேசய, அல்மாரிய, லாச்சுவ, கந்தோருவ என்றுதான் சொல்கிறார்கள். கந்தோர் என்பது சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே அளவுக்கு அந்நியமான இடம். யார் அதற்குள் போய் உட்காரலாம் என்பதை அந்தந்தக் கால ஆட்சியாளரின் மொழிதான் தீர்மானித்தது.

ஆங்கிலேயர் காலத்தில் அந்த மொழிக்கான படலை யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் முந்தியே திறந்துவிட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அதன் பின் மிஷன் பள்ளிகளும், அவற்றோடு போட்டிக்கு எழுந்த சைவப் பள்ளிகளும் ஆங்கிலம் படித்த இளைஞர்களை ஆண்டுதோறும் வெளியே தள்ளின. குடாநாட்டில் ஆறும் இல்லை, பெரிய தோட்டமும் இல்லை. பரப்புக் கணக்கில் துண்டு துண்டாகப் பிரிந்த காணியும், கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரும், புகையிலையும்தான். படித்த மகன் கிளாக்கராகக் கொழும்புக்குப் போனான், இல்லாவிட்டால் மலாயா றெயில்வேக்குப் போனான். மாதம் முடியக் காசுக்கட்டளை வந்தது. ஓய்வு பெற்றபின் பென்சன் வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிற காசு அது ஒன்றுதான். 'மலாயன் பென்சனியர்' கட்டிய வீடுகள் இன்னும் எங்கட ஊர்களில் நிற்கின்றன. கோழி மேய்க்கிற பழமொழி, கிணற்றடியில் நின்று போட்ட கணக்கு. அடிமைப் புத்தி என்று நாங்கள் முடிவுகட்டியது முதல் இடத்திலேயே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 'எங்கட ஆட்கள்' என்று இங்கே எழுதும்போது எல்லாரையும் சேர்த்து எழுத முடியாது. கோறணமேந்தில் கோழி மேய்க்க எல்லாச் சாதிக்கும் வழி இருக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருக்க விடவே மறுத்தார்கள். 1920களின் கடைசியில் சமஆசனம் என்று அரசாங்கம் சொன்னபோது அதற்கெதிராகக் கிளம்பியவர்களும் எங்கட பெரியவர்கள்தான். மொழியால் கந்தோருக்கு வெளியே தள்ளப்பட்ட கதையைச் சொல்கிறவர்கள், சாதியால் பள்ளிக்கூடத்துக்கே வெளியே நிறுத்திய கதையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். நாங்களும் இங்கே ஒரு பந்தியோடுதான் போகிறோம், அது எங்களுக்கே உறுத்துகிறது.

அந்தக் காலத்துக் கந்தோரை நினைத்துப் பார்க்க ஒரு சத்தம் போதும்: தட்டெழுத்துப் பொறி. கடிதம், சுற்றறிக்கை, சம்பளப் பட்டியல் எல்லாம் ஆங்கிலத்தில். காபன் தாள் வைத்து மூன்று பிரதி, கூட வேண்டுமென்றால் ஸ்டென்சில் வெட்டி ரோனியோ. பொறி ஆங்கிலம், அதைத் தட்டுகிறவர் தமிழரோ சிங்களவரோ பறங்கியரோ. கடிதம் கிடைக்கிற கமக்காரனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1940களில்கூட இலங்கையில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. காணி பற்றிய கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலம் தெரிந்தவன் வீட்டு வாசலில் நிற்கிற நிலை ஹம்பாந்தோட்டையிலும் ஒன்றுதான், வன்னியிலும் ஒன்றுதான். சுயபாஷைக் கோரிக்கை அங்கேயிருந்துதான் வந்தது. அது நியாயமான கோரிக்கை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கட பக்கத்தில் எழுதப்படுகிற வரலாறுகள் பல 1956இல் திடீரென்று ஒரு பேய் வந்ததுபோலத் தொடங்குகின்றன. 1943இல் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். 1944இல் வி. நல்லையா 'தமிழும்' என்று திருத்தம் கொண்டுவந்தார், அரசாங்க சபை அதை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் போய் இரண்டு மொழியும் வரும் என்ற ஒரு வாசல் அப்போது திறந்துதான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கிளாக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1947 பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர்களும் இறங்கினார்கள். அரச ஊழியருக்கு முழுத் தொழிற்சங்க உரிமை இல்லாத காலம். யூன் 5ஆம் திகதி தெமட்டகொடையில் ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டது. கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் செத்துப்போனார். கொழும்புத் தொழிற்சங்கங்கள் அவரைத் தியாகியாக நினைவுகூர்ந்தன. எங்கட பாடசாலைப் புத்தகங்களில் அவர் பெயரை நாங்கள் ஒருபோதும் பார்க்கவில்லை. 'எழுதுவினைஞர் என்றால் பயந்த சுபாவம், பென்சனுக்காக வாய் திறக்காதவன்' என்று நினைத்திருந்த எங்களுக்கு இது இரண்டாவது அடி.

அந்த வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த எழுதுவினைஞர் சேவைச் சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்ன. கந்தசாமியின் சங்கத் தலைவர். ஒன்பது வருடம் கழித்து, 1956இல், பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் அவர் ஒரு அமைச்சர். அந்த அரசாங்கம் சிங்களம் மட்டும் சட்டமூலத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த நாளும் யூன் 5. காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கினதும் அன்றைக்குத்தான். திகதி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் ஒரே சங்கத்தில் ஒன்றாகச் சந்தா கட்டிய எழுதுவினைஞர்களின் கதை அந்த இரண்டு யூன் 5க்கும் இடையில் எங்கேயோ பிரிந்துபோனது தற்செயல் இல்லை. பிறகு தமிழ் எழுதுவினைஞருக்குத் தனியே ஒரு சங்கம் வந்தது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் மிகச் சிறியது. சிங்களமே அரசகரும மொழி, உடனே செய்யமுடியாத இடங்களில் இதுவரை பாவித்த மொழியை 1960 டிசம்பர் 31 வரை பாவிக்கலாம், சாரம் அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் அது இனம், மதம், வரலாறு என்று கதைக்கப்பட்டது. கந்தோரில் அது வேறு ஒன்றாக வந்து சேர்ந்தது. சுற்றறிக்கை, சோதினை, சம்பள உயர்ச்சி. ஏற்கெனவே சேவையில் இருந்தவர்கள் குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை சித்தியடைய வேண்டும். இல்லையென்றால் வருடாந்தச் சம்பள உயர்ச்சி நிற்கும். விருப்பமில்லாதவர் ஓய்வுபெற்றுப் போகலாம். ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலப் பொறியில் இருபது வருடம் வேலை செய்த மனிசன் நாற்பத்தைந்து வயதில் அரிச்சுவடி எழுதவேண்டும். வீட்டில் அதே மேசையில் மகன் ஐந்தாம் வகுப்புக் கணக்குச் செய்துகொண்டிருப்பான்.

தட்டெழுத்துப் பொறியின் கதை இன்னும் கசப்பானது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என்று சொல்லப்படுகிற ஆர். முத்தையா சுண்டுக்குளியைச் சேர்ந்தவர். மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய் அலுவலக வேலை பார்த்தவர், அதாவது அவரும் ஒரு கந்தோர் மனிசன். 247 எழுத்தை ஆங்கிலப் பொறியின் அளவான விசைப்பலகைக்குள் எப்படி அடக்குவது என்பது அவருடைய பிரச்சினை. விடையின் ஒரு பகுதி நகராத விசை. புள்ளியை அடித்தால் பொறி முன்னால் நகராது, அப்படியே நிற்கும். பிறகு 'ம' அடித்தால் புள்ளி அதன் தலையில் உட்கார்ந்து 'ம்' ஆகிவிடும். எழுதும்போது எழுத்து முதல், புள்ளி பிறகு. பொறியில் புள்ளி முதல், எழுத்து பிறகு. எவ்வளவு எளிமையான யோசனை என்று நாங்கள் நாலு பேர் ஒரு பழைய பொறியைச் சுற்றி நின்று பத்து நிமிடம் அடித்துப் பார்த்தோம். நாடா காய்ந்துபோயிருந்தது, ஆனால் தாளில் பள்ளம் விழுந்தது. முத்தையாவின் பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தது. கந்தோரில் தமிழ் பாவிக்கத் தேவையான இயந்திரத்தை யாழ்ப்பாணத்தான் ஒருவன் செய்து முடித்தபின்தான், கந்தோரில் தமிழ் வேண்டாம் என்று சட்டம் வந்தது. 'தொழில்நுட்பம் வந்தால் மொழிப் பிரச்சினை தீரும்' என்று இன்றைக்கு யாராவது கதைத்தால் எங்களுக்கு அந்தக் காய்ந்த நாடாதான் ஞாபகம் வருகிறது.

1960 டிசம்பரோடு சட்டத்தின் தவணை முடிந்தது. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியது. இந்தப் போராட்டத்தைப் பற்றி மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் வடிவத்தை நாங்கள் சரியாக யோசித்ததில்லை. அது ஒரு கந்தோரை இயங்காமல் பண்ணுகிற போராட்டம். வாசலில் சனம் படுத்திருக்கும், உள்ளே வேலைக்குப் போகவேண்டியவர்களில் மிகப் பெரும்பான்மை தமிழ் எழுதுவினைஞர்கள். அரசாங்க அதிபரும் தமிழர்தான். ஏப்ரல் 14இல் தமிழரசுத் தபால் சேவை என்று முத்திரையும் விற்றார்கள். தபால்கந்தோரைப் போலவே ஒரு தபால்கந்தோர்! எதிர்க்கப் போன இடத்திலும் எங்களுக்கு முதலில் தோன்றினது ஒரு கவுண்டரும் முத்திரையும்தான். இதைச் சிரிப்பாகத்தான் எழுத நினைத்தோம், இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை. ஏப்ரல் 17 இரவு அவசரகாலச் சட்டம். இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குப் போனார்கள், கச்சேரி திரும்பத் திறந்தது.

அந்த வருடம் டிசம்பர் 4ஆம் திகதி திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. இங்கேதான் கோடீஸ்வரன் வருகிறார்.

செ. கோடீஸ்வரன் 1952இல் பொது எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்தவர். வேலை கேகாலைக் கச்சேரியில். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய சம்பள உயர்ச்சியை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். வாதம் இதுதான்: சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை போடுகிற சட்டத்தை அனுமதிக்காது. ஆகவே 1956 மொழிச் சட்டமே செல்லாது, அதன்படி வந்த சுற்றறிக்கையும் செல்லாது, ஆகவே என்னுடைய உயர்ச்சியைத் தாருங்கள். நாட்டின் மிகப் பெரிய கேள்வியை ஒரு மனிசன் தன் சம்பளச் சீட்டில் எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனான். கட்சிகள் ஒப்பந்தம் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைவிடக் கெட்டித்தனமான அரசியலை நாங்கள் பார்க்கவில்லை.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார். மொழிச் சட்டம் யாப்புக்கு முரண் என்றார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழி பற்றிக் கதைக்கவே இல்லை. முடிக்குரிய ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போடமுடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. சுதந்திரம் கிடைத்து பத்தொன்பது வருடம், ஆனால் எழுதுவினைஞர் இன்னும் ராணியின் ஊழியர், சம்பளம் ராணியின் கருணை. கோடீஸ்வரன் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனார். 1969 டிசம்பரில் அவர்கள் உயர் நீதிமன்றம் சொன்னது பிழை என்றார்கள், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம். ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தாங்கள் எடுக்காமல், இலங்கை உயர் நீதிமன்றமே முதலில் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கேள்வி திரும்பி வந்து எங்கேயோ ஒரு லாச்சிக்குள் கிடந்தது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி மூடப்பட்டது. 1972 மே 22இல் புதிய யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு இல்லாமல் போனது, சிங்களம் அரசகரும மொழி என்பது யாப்புக்குள்ளேயே போனது. கேள்வி கேட்க ஆதாரமாக இருந்த பிரிவே இல்லையென்றால் கேள்வி எங்கே? கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு இலங்கையின் எந்த மேல் நீதிமன்றமும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. மற்றப் பாதி வென்றது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்பதை வென்று கொடுத்தது அந்தக் கேகாலை எழுதுவினைஞர்தான், சிங்கள ஊழியருக்கும் சேர்த்து.

இவ்வளவும் புத்தகத்தில் கிடைத்தது. புத்தகத்தில் கிடைக்காத ஒரு ஆள் எங்களுக்கு வீட்டிலேயே கிடைத்தார். எங்களில் ஒருத்தியின் அம்மப்பா. அவரும் அந்தக் காலத்து எழுதுவினைஞர். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் வேலை. அவர் சோதினை எழுதினார், சித்தியடைந்தார், உயர்ச்சி வாங்கினார், ஓய்வுபெறும்வரை இருந்து பென்சன் எடுத்தார். அவருடைய தமையனும் எழுதுவினைஞர்தான். அவர் எழுதமாட்டன் என்று ஓய்வெடுத்து ஊருக்கு வந்தார், தோட்டம் செய்தார், கடன்பட்டார். ஊரில் தமையனுக்கு மரியாதை. 'சிங்களம் படிக்கமாட்டன் எண்டு வேலையை எறிஞ்சிட்டு வந்த மனிசன்.' தம்பிக்கு ஊரில் வேறு பெயர். அதை இங்கே எழுதவில்லை, நீங்கள் ஊகிக்கலாம். ஆனால் தமையனின் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் காசு அனுப்பினது தம்பி. அவர்கள் படித்து வெளிநாடு போனார்கள். தங்கட தகப்பனைப் பற்றிக் கதைக்கும்போது சித்தப்பாவின் காசைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை.

எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிச் சண்டையே வந்தது. மறுத்தவர்கள் இல்லாவிட்டால் எதிர்ப்பே இல்லை, கோடீஸ்வரனும் இல்லை என்றான் ஒருத்தன். எல்லாரும் மறுத்திருந்தால் அரசாங்கத்துக்கு அதைவிட வசதி என்ன, ஒரே நாளில் கந்தோர் முழுக்கக் காலியாகியிருக்கும் என்றாள் இன்னொருத்தி. இருவர் சொன்னதும் சரி. எங்களுக்கு வந்த முடிவு இவ்வளவுதான்: மேடையில் சொல்லப்பட்ட வரலாற்றில் தியாகிக்கும் துரோகிக்கும் மட்டும்தான் கதிரை போட்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு அரிக்கேன் லாம்பு வெளிச்சத்தில் சிங்கள அரிச்சுவடி எழுதிய ஆயிரக்கணக்கான மனிசருக்கு அங்கே கதிரை இல்லை. அவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யுத்த காலத்தை இங்கே தாண்டிப் போகிறோம், அது ஒரு கட்டுரைக்குள் அடங்காது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இப்போது சிங்கள உத்தியோகத்தர் தமிழும், தமிழ் உத்தியோகத்தர் சிங்களமும் சித்தியடைய வேண்டும் என்று விதி. காகிதத்தில் பார்த்தால் 1944இல் நல்லையா கேட்டது வந்துவிட்டது.

போன விடுமுறையில் எங்களில் இரண்டுபேர் ஒரு அரச அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்பது தேவையில்லை. தலைமைக் காரியாலயத்திலிருந்து தமிழ்க் கடிதம் மின்னஞ்சலில் வரும். திறந்தால் 'அம்மா' இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்தது, எழுத்துரு ஏற்றாத கணினியில் திறந்தது. யூனிகோட்டில் தமிழுக்கு இலங்கைத் தரம் 2008இலேயே வந்துவிட்டது, ஆனால் பாமினி போகவில்லை. ஏனென்றால் அதில் அடிக்கப் பழகிய கைகள் இன்னும் சேவையில் இருக்கின்றன. அங்கே இருந்த ஒரு அக்கா, கோலம்மாதிரிக் கிடந்த அந்த எழுத்துகளை அப்படியே பார்த்துத் தமிழாக வாசித்துக் காட்டினா. "பதினெட்டு வருசம் பாமினி தம்பி, இதுவும் எனக்கு ஒரு மொழிதான்" என்று சிரித்தா.

இப்போது சில கடிதங்கள் சட் ஜிபிடியால் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வாசித்தால் தெரியும். 'மாவட்டச் செயலகம்' இருக்கவேண்டிய இடத்தில் 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்' என்று நிற்கும். கிராம அலுவலர் திடீரென்று 'கிராம நிர்வாக அலுவலர்' ஆகிவிடுவார். கோப்பாயில் இருக்கிற கிழவிக்குத் தமிழ்நாட்டுக் கலெக்டர் கடிதம் போட்டமாதிரி. மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடம் நிரப்பப்படவில்லை, அதற்குப் பதில் இது. மேலதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆகவே பிழை என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்த அக்கா திருத்திக் கொடுக்கலாம், ஆனால் அது அவவின் வேலைப் பட்டியலில் இல்லை.

2022இல் காலிமுகத்திடலுக்குப் போனவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது சந்தோசப்பட்டவர்களும், தலையில் கைவைத்தவர்களும் ஒரே அறையில்தான் இருந்தோம். புதிய அரசாங்கம் எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்குவோம் என்கிறது. நல்லதுதான், வரிசையில் நிற்க யாருக்கு விருப்பம்? ஆனால் எங்கட கேள்வி பழைய கேள்வி. அந்தத் திரையில் தமிழ் பிழையாக வந்தால் எந்தக் கதிரையில் இருக்கிற யார் அதைப் பார்த்துப் பிழை என்று சொல்லப்போகிறார்? 2020இல் ஐம்பதாயிரம் பட்டதாரிக்கு வேலை என்று எடுத்தார்கள், பல அலுவலகங்களில் அவர்களுக்கு இருக்கக் கதிரையே இல்லை என்று கதை. ஆள் கூடிப்போச்சு என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், மறுபக்கம் தமிழ்க் கடிதத்தை வாசித்துத் திருத்த ஆள் இல்லை.

கம்பனி வேலைக்கு விண்ணப்பித்தவளுக்கு நேர்முகம் முடிந்தது, பதில் வரவில்லை. இதற்கிடையில் வர்த்தமானியில் மொழிபெயர்ப்பாளர் சேவைக்குப் பரீட்சை அறிவித்தால் எழுதுவது என்றும் முடிவெடுத்திருக்கிறாள். அதற்குச் சிங்களம் வேண்டும். அம்மம்மா வீட்டு அலுமாரியில் அம்மப்பாவின் கொப்பி கிடந்தது. நீல மட்டை, கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. இடது பக்கம் சிங்கள எழுத்து, வலது பக்கம் அதன் உச்சரிப்பு தமிழில், சரியான ஒழுங்கான கையெழுத்து. முதல் பக்கத்தில் முதல் வசனம்: 'மம கந்தோருவட யனவா.' நான் கந்தோருக்குப் போகிறேன். அதைப் பார்த்து அவள் இப்போது எழுதிப் பழகுகிறாள். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம், தேத்தண்ணி மட்டும் கொண்டுவந்து வைத்தாவாம்.